நெற்றி வரை வந்த மாப்பிள்ளை

எனக்குப் பேசி வந்த மாப்பிள்ளையின் நெற்றியை ஒரே கிழமையில், ஏழு நாளுக்குள், ஐந்து தடவை பார்த்தேன். நெற்றிக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் தெரியவில்லை. புருவம் வருகிற நேரமாகப் பார்த்து எங்கள் வீட்டுக் கொம்பியூட்டர் நின்றுவிடும்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். அப்பா அரசாங்கக் கந்தோரில் தலைமை லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர பைல்களை விடவில்லை. தண்ணீர் பில்லுக்கு ஒரு பைல், பொலிஸ் பதிவுக்கு ஒரு பைல், எனக்கு வந்த சம்பந்தங்களுக்கு ஒரு தடித்த பைல். எனக்கு அப்போது இருபத்தேழு வயது. அந்தப் பைல் அவ்வளவு தடித்துப் போனதற்கு என் வாயும் ஒரு காரணம் என்று அம்மா சொல்லுவார்.

நான் வேலை செய்தது கொச்சிக்கடைப் பக்கம், துறைமுகத்துக்கு வருகிற சாமான்களுக்குப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கந்தோரில். அங்கே புதிய கொம்பியூட்டர்கள் வந்தபோது பழையதில் ஒன்றை முதலாளி எனக்குத் தந்தார். வழியில் யாரும் மறித்தால் காட்டுவதற்கென்று, இது எங்கள் ஊழியருக்குக் கொடுக்கப்பட்டது என்று எழுதி, முத்திரை குத்திய கடிதமும் தந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அப்பா கொம்பியூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடிதத்தைத்தான் வாங்கினார். இரண்டு தரம் வாசித்துவிட்டு அதற்கென்று புதுப் பைல் ஒன்று திறந்தார்.

அடுத்த கிழமை எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த வீட்டில் பொலிஸ் சோதனை நடந்தது. வந்தவர்கள் அங்கே அறை எடுத்திருந்த ஒரு பொடியனையும் அவனுடைய கொம்பியூட்டரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பொடியன் இரண்டு நாளில் திரும்பி வந்துவிட்டான். கொம்பியூட்டர் வரவில்லை.

அப்பா ஒரு பகல் முழுக்க யோசித்தார். திரையைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"அது ரீவி மாதிரித்தானே கிடக்கு. மேல ஒரு துணியைப் போட்டுவிட்டா ஒருத்தரும் கேக்கமாட்டினம்," என்றார். "பெட்டிதான் பிரச்சினை."

பெட்டி அம்மாவின் அலுமாரிக்குள் போனது. கீழ்த்தட்டில், பூச்சி உருண்டை போட்டு அடுக்கிய அம்மாவின் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் இடம் ஒதுக்கினோம். அலுமாரியின் முதுகில் அப்பா ஓட்டை போட்டு வயர்களை வெளியே எடுத்தார். கொம்பியூட்டரைப் போட வேண்டுமென்றால் அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே கையை விட்டு, பொத்தானைத் தடவி அமத்திவிட்டு, மறுபடியும் கதவைச் சாத்த வேண்டும். நான் சாத்த மறந்தால் அம்மா வந்து சாத்துவார். உள்ளே விசிறி சுற்றுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதென்று பெட்டிக்கு மேலேயும் இரண்டு சேலையை மடித்து வைத்தார். அதில் ஒன்று அவர் கலியாணத்தில் கட்டிய கூறைச் சேலை.

இதை இப்போது வாசிக்கிறவர்களுக்குக் கொம்பியூட்டரின் நோய் என்னவென்று இந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். எங்களுக்குப் பிடிபடவில்லை. மூன்று பேரும் படித்தவர்கள்தான். ஆனால் ஒளித்து வைத்த சாமானைப் பற்றி அந்தக் காலத்தில் வீட்டுக்குள்ளேயும் கதைக்க மாட்டோம். கதைத்தால் வாய்தவறி வெளியிலும் வந்துவிடும். அலுமாரிக்குள் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு இருப்பதுதான் பாதுகாப்பு என்று பழகிக்கொண்டோம், கடைசியில் உண்மையாகவே மறந்தும் போனோம்.

இப்படி இருக்கும்போதுதான் கனடாவிலிருந்து அந்தச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தமக்கை கொட்டாஞ்சேனையில் இருந்தார். அவர்தான் சாதகத்தோடு வந்தார். சாதகம் பொருந்திவிட்டது. தமக்கையிடம் இருந்த ஒரே படம் மாப்பிள்ளை பத்தாம் வகுப்பில் எடுத்தது. மீசை அரும்பாத, படம் எடுக்கிறவரைக் கண்டு பயந்த முகம்.

"இப்ப ஆள் வடிவா வந்திட்டார்," என்றார் தமக்கை.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டார். பாண் சுடுகிற பெரிய பேக்கரித் தொழிற்சாலையொன்றில் மெஷின்களைப் பார்க்கிற வேலை என்றார் தமக்கை. அவர் படியிறங்கிப் போனதும், "பாண் போடுற பொடியன்," என்று அம்மா அதைச் சுருக்கி வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை ஈமெயிலில் எழுதுவார். பதில் எழுதுவது அப்பா. முடிவாகும் முன்னர் பெண் நேரே எழுதுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் அப்பாவுக்கு ரைப் அடிக்கத் தெரியாது. ஆகவே என்னைக் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, என்னைப் பற்றி அப்பா சொல்லச் சொல்ல, நானே இருந்து ரைப் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் மேலும் கீழும் நடந்தபடி கந்தோர் ஆங்கிலத்தில் சொல்லுவார். தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. மேற்படி விடயம் தொடர்பாக அறியத்தருவது யாதெனில். மேற்படி விடயம் நான்தான். மேற்படி விடயம் மிகவும் அடக்கமான பிள்ளை என்று அப்பா சொன்ன இடத்தில் என் விரல்கள் கொஞ்ச நேரம் நின்றன.

"என்ன நிக்கிறாய், அடி," என்றார் அப்பா.

அடித்தேன்.

மூன்றாவது கடிதத்தை அடிக்கும்போது மெஷின் மூன்று தரம் நின்றது. முன்னறிவித்தல் ஒன்றும் கிடையாது. டப் என்று ஒரு சத்தம், திரை கறுப்பு, அவ்வளவுதான். அடித்ததெல்லாம் போய்விடும். நாலாவது தரம் அடித்து முடித்தபோது எனக்கு நல்ல கோபம். அப்பா தேத்தண்ணி குடிக்கப் போன நேரம் பார்த்துக் கடிதத்தின் அடியில் என் பாட்டுக்கு ஒரு வரி சேர்த்துவிட்டேன். இதை அடிக்கும்போது மெஷின் மூன்று தரம் நின்றுவிட்டது, பிழைகள் ஏதும் இருந்தால் அவை மெஷினுடையவை, அப்பாவுடையவை அல்ல. அனுப்பிய பிறகுதான், அப்பா என்று எழுதி, அடிக்கிறது நான்தான் என்று காட்டிக்கொடுத்துவிட்டது உறைத்தது. போன கடிதத்தைப் பிடித்து இழுக்க முடியாது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரே வரி. என்னுடைய படத்தை இணைத்திருக்கிறேன், முழுவதையும் பார்க்கவும்.

"பாத்தியே எவ்வளவு நேர்மை," என்றார் அப்பா. "கை கால் எல்லாம் ஒழுங்கா இருக்கு எண்டு காட்டுறதுக்கு முழுப்படம் அனுப்பியிருக்கிறார்."

போன் லைனில் இன்டர்நெட் எடுத்த காலம் அது. படம் ஒரேயடியாக வராது. மேலிருந்து ஒரு விரல் அகலத்துக்கு வரும், நிற்கும், பிறகு மனம் வைத்து இன்னொரு விரல் அகலம் வரும். இந்தப் படம் வழக்கத்தைவிடப் பெரிய படம் வேறு. முதலில் வெறும் சுவர் வந்தது. பிறகு சுவரில் தொங்கிய கலண்டரின் ஆணி. பிறகு தலைமயிர். தலைமயிர் முடிவதற்குள் மூன்று பேரும் பிளேன்டீ குடித்து முடித்துவிட்டோம். அதன்பிறகு நெற்றி, அகலமாக, அவசரமில்லாமல் இறங்கியது. அம்மா கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். டப்.

மறுபடியும் போட்டு, மறுபடியும் போன் லைனைப் பிடித்து, மறுபடியும் சுவரிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை நெற்றியைக்கூடக் காணவில்லை, தலைமயிரோடு போய்விட்டது. அடுத்த நாள் நெற்றி. அதற்கடுத்த நாள் நெற்றியும் இடது புருவமும். அதுதான் எங்களுடைய அதிகபட்சம்.

"நெத்தி நல்ல அகலம்," என்றார் அம்மா.

"மயிர் கொட்டினா எல்லாருக்கும் அகலம்தான்," என்றேன்.

"அறிவான நெத்தி," என்றார் அப்பா. "நடுவில ஒரு கோடு கிடக்குது பார். நிறைய யோசிக்கிற ஆக்களுக்குத்தான் அப்பிடி விழும்."

"வீட்டு வாடகையை யோசிச்சிருப்பார்."

எங்கள் பக்கத்துப் பெரிய தெருவான காலி வீதியில் இன்டர்நெட் கடைகள் இருந்தன. அங்கே போய்ப் பார்க்கலாமே என்றேன். நாலு பேர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற இடத்தில் மாப்பிள்ளை படத்தைத் திறக்கிறதோ என்று அப்பா மறுத்துவிட்டார். கந்தோரில் பார்க்க எனக்கே விருப்பமில்லை. அங்கே என்னோடு எட்டு ஆம்பிளைகள் வேலை செய்தார்கள். ஒருவன் கண்டால் போதும், நான் ஓய்வு பெறும்வரை சொல்லிச் சிரிப்பார்கள். சின்னப் படமாகத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதுவோமென்றால், அதற்கும் அப்பா சம்மதிக்கவில்லை.

"படம் வரேல்லை எண்டு எழுதினா, வந்த படம் பிடிக்கேல்லை எண்டு நினைப்பினம்," என்றார்.

திங்கட்கிழமை தமக்கை போன் எடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குள் முடிவு சொல்ல வேண்டும். தம்பி லீவு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இன்னொரு இடத்திலும் கேட்டு வைத்திருக்கிறார்களாம். அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். இருவரும் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது தெரிந்தது.

"சாதகம் பொருந்திட்டுது, நல்ல குடும்பம்," என்றார் அம்மா. "நெத்தியையும் பாத்தாச்சு."

"நான் நெத்தியோட குடும்பம் நடத்தப் போறேல்லை அம்மா. முகத்தை முழுக்கப் பாக்காமல் ஓம் எண்டு சொல்லமாட்டன்."

"வெள்ளிக்கு முன்னம் பாக்கக் கிடைக்காட்டி?"

"அப்ப இல்லையெண்டு சொல்லுங்கோ."

சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். வெளியில் வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு படத்தை நம்பி இத்தனை ஆயிரம் மைல் போகப் போகிறேன், அந்தப் படமாவது முழுசாக இருக்க வேண்டாமா? அதேநேரம், நல்ல மனிதர் ஒருவர் ஒரு பழைய பெட்டியின் குணத்தால் கைதவறிப் போய்விடுவாரோ என்றும் பயம். இரண்டு பயத்தையும் வைத்துக்கொண்டு மெஷினைத் திருத்துகிற வேலையில் இறங்கினேன்.

ஆளுக்கொரு வைத்தியம். கரண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம் என்று அப்பா கீழ்வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரை இரவல் வாங்கி வந்து பூட்டினார். மெஷின் ஸ்டெபிலைசரோடும் நின்றது. நாவூறு என்று அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து அலுமாரியை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்த நெடியில் மூன்று பேரும் இருமினோம், மெஷினுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வைரஸ் என்று சந்தேகப்பட்டேன். வைரஸ் பிடிக்கிற புரோகிராமை ஓடவிட்டால், அது பாதி வழியில் போகும்போதே டப்.

கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு திருத்துகிறவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை நானும் அப்பாவும் பெட்டியைக் கொண்டுபோனோம். அடிபடாமல் இருக்க அம்மாவின் பழைய சேலையால் சுற்றிக் கட்டி, ஓட்டோவில், எங்கள் இருவருக்கும் நடுவே குந்த வைத்தோம். கோட்டை தாண்டுகிற இடத்துச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். ஆமிக்காரர் குனிந்து பார்த்தார்.

"மேக்க மொகத்த?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.

"கொம்பியூட்டர் எகக் மஹத்தயா. கெடிலா," என்றார் அப்பா. கொம்பியூட்டர், உடைந்துபோச்சு.

அவர் சேலையை அவிழ்க்கச் சொன்னார். அவிழ்த்தோம். மூக்கைச் சுளித்து, ஏன் இதில் பூச்சி உருண்டை மணக்கிறது என்று கேட்டார். அப்பா பைலைத் திறந்து முதலாளியின் கடிதத்தை நீட்டினார். ஆமிக்காரர் முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இதில் கடதாசிச் சீட்டு விளையாடலாமாமே, உண்மையோ என்று என்னிடம் கேட்டார். ஓம், தனிய இருந்தும் விளையாடலாம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். தனக்கு இங்கே அதுதான் தேவை என்று சிரித்துக்கொண்டு போகச் சொன்னார்.

திருத்துகிறவருக்கு முப்பது வயதிருக்கும். தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், இவர் பிறந்து வளர்ந்தது ஜிந்துப்பிட்டியில். முருகன் கோயிலுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அறைதான் கடை. பெட்டியை மேசையில் வைத்துப் போட்டார். அது ஓடியது. அரை மணித்தியாலம் ஓடியது. ஒரு மணித்தியாலம் ஓடியது. அப்பா முருகனைக் கும்பிட்டுவிட்டு வந்தார், அப்போதும் ஓடியது.

"அங்கிள், இதுல ஒண்ணுமே இல்லையே," என்றார். "நீங்க வந்ததுலேர்ந்து நிக்காம ஓடுது."

"வீட்டில நிக்குது தம்பி."

மூடியைக் கழற்றித் தூசு ஊதினார். அவரும் மூக்கைச் சுளித்தார். "என்னா அங்கிள், பூச்சி உருண்டை வாசம் அடிக்குது?"

"வெள்ளவத்தைக் காத்து," என்றார் அப்பா, முகம் மாறாமல்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அலுமாரி சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. அன்று பின்னேரம் பெட்டி அலுமாரிக்குள் போனது, சரியாக இடது புருவத்தில் நின்றது.

வியாழக்கிழமை திருத்துகிறவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் வேலையில் இருந்தேன். அவர் மணி அடிக்க முன்னமே அப்பா பெட்டியை வெளியே எடுத்து, துடைத்து, யன்னலோரச் சாப்பாட்டு மேசையில், அது பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பதைப் போல வைத்துவிட்டாராம். ஓட்டை வழியாக வருகிற வயர் எட்டவில்லை என்று வேறு வயரும் போட்டாராம். இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஒரு குறையுமில்லை என்று அவர் போய்விட்டார். நான் வேலையால் வந்தபோது அம்மா பெட்டியைப் பழையபடி சேலைகளுக்குள் குடியேற்றியிருந்தார். அன்று இரவும் நெற்றிதான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன். திருத்துகிறவருக்குக் கந்தோரிலிருந்தே போன் பண்ணி, கடைசியாக ஒருமுறை வரச் சொல்லிக் கெஞ்சினேன். இரண்டு மணிக்கு வந்தார். பெட்டி வழக்கம்போல் மேசைக்கு வந்திருந்தது. இந்த முறை அவர் மெஷினைப் போடவேயில்லை. மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த சின்ன விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தார். அது பாதியில் இறுகியது. நுனிவிரலால் எதையோ பிடித்து மெல்ல இழுத்தார். ஒரு சாண் நீளத்துக்குத் தங்க நிறத்தில் நூல் வந்தது. வந்துகொண்டே இருந்தது.

"இது என்னா மிஸ்?"

எனக்கு முன்னம் அம்மா கண்டுவிட்டார். "அது என்ர கூறைச் சரிகையெல்லே," என்றார்.

திருத்துகிறவர் நூலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அறைக்குள் எட்டி, அலுமாரியின் பின்னாலிருந்து வந்து ரீவி மாதிரித் துணி போட்ட திரைக்குப் போகிற வயரைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டிய எங்க வெக்கிறீங்க?"

"இஞ்சதான்," என்று அப்பா மேசையைத் தட்டிக் காட்டினார்.

சுவர் மணிக்கூட்டில் இரண்டரை. "அலுமாரிக்குள்ள," என்றேன். "சீலையளுக்கு நடுவில. கதவையும் சாத்தித்தான் ஓட்டுறனாங்கள்."

அப்பா என்னைப் பார்த்தார். வீட்டில் ஒளித்து வைத்ததை வெளியாளிடம் சொல்வதைவிடப் பெரிய குற்றம் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் இல்லை.

திருத்துகிறவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். கண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

"பயப்படாதீங்க அங்கிள். எங்க பக்கம் ஒருத்தரு அரிசி பீப்பாக்குள்ள வெச்சிருந்தாரு. இன்னொரு வீட்ல கட்டிலுக்கு அடியில, நாலு பக்கமும் தலகாணிய அண்டக் கொடுத்து. எல்லாருமே எங்கிட்ட மேசையிலதான் இருக்குன்னு சொல்லுவாங்க. நீங்க பட்டுச் சேலைக்குள்ள வெச்சிருக்கீங்க, அதான் வித்தியாசம்." நூலைச் சுருட்டி மரியாதையாக அம்மாவின் கையில் கொடுத்தார். "சூடு அங்கிள். வெறும் சூடு. அதுக்கு மூச்சு முட்டுது, நிப்பாட்டிக்குது. வெளிய வைங்க, ஒண்ணும் ஆகாது."

அவர் போனதும் அப்பா யன்னல் பக்கம் போய் ஒழுங்கையைப் பார்த்தார்.

"வெளியில வைச்சு, சோதனைக்கு வந்தினமெண்டால்?"

அம்மா சரிகை நூலைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அம்மா அப்பாவை எதிர்த்துக் கதைப்பது குறைவு.

"வந்தா அந்தக் கடிதத்தைக் காட்டுங்கோ. செவ்வாய்க்கிழமை ஆமிக்குக் காட்டினீங்கள், விட்டவங்கள்தானே. கடிதத்தைப் பைலுக்குள்ள பூட்டி வைச்சிட்டு, கொம்பியூட்டரை என்ர கூறைக்குள்ள ஒளிச்சு வைச்சா ஆருக்குப் பிரயோசனம்?"

அப்பா உள்ளே போய்ப் பைலைக் கொண்டுவந்து, கடிதத்தை எடுத்து, மேசையிலிருந்த பெட்டியின் மேல் வைத்தார். பறக்காமலிருக்கத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்தார்.

திரையையும் மேசைக்குத் தூக்கி வந்து, போன் வயரை இழுத்து மாட்டி, லைன் கிடைக்கும்போது மூன்றே முக்கால். சுவர் வந்தது. ஆணி வந்தது. தலைமயிர் வந்தது. நெற்றி, எங்களுக்குப் பழகிப்போன அந்த நெற்றி, வந்து முடிந்தது. இடது புருவம். வலது புருவம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். விசிறி சத்தமில்லாமல் சுற்றியது, யன்னலால் கடல்காற்று வந்தது, மெஷின் நிற்கவில்லை. கண்கள் வந்தன, கொஞ்சம் சின்னக் கண்கள். மூக்கு. மீசை. மூடிய வாய், சிரிப்பதா விடுவதா என்று முடிவெடுக்காத வாய். நாடி வந்து முடிய ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது.

"நல்ல முகம்," என்றார் அம்மா.

"நான் சொன்னன்தானே," என்றார் அப்பா, நெற்றியிலேயே கண்டுபிடித்தவர்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் உண்மை. காலி வீதி பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் கவனிக்காமல் விடக்கூடிய முகம். இல்லை என்று சொல்ல அந்த முகத்தில் காரணம் இல்லை, ஓம் என்று சொல்லவும் இல்லை. இதற்காகவா ஒரு கிழமை சண்டை பிடித்தேன் என்று எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. கண்டதையும் பேசி நாளைக் கடத்திவிட்டேன், இனி மறுப்பதற்கு வாயில்லை.

அப்பா போன் றிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார். இன்டர்நெட் லைனில் இருந்ததால் அது கீச்சென்றது. "முகத்தைப் பாத்தாச்சுத்தானே. லைனை வெட்டு பிள்ளை, அஞ்சு மணிக்கு முன்னம் கோல் எடுக்கோணும்."

"படம் முடியேல்லை அப்பா."

"இனிக் கழுத்தும் போட்டிருக்கிற சேட்டும்தானே. சேட்டைப் பாத்து என்ன செய்யப் போறாய்?"

"முழுவதையும் பாக்கச் சொல்லித்தானே எழுதினவர்."

அது பிடிவாதம்தான், வேறொன்றுமில்லை. ஒரு கிழமை காத்திருந்து பணிந்துபோக மனமில்லாமல் சொன்னது. சேட்டுக் கொலர் வந்தது. முதல் பொத்தான் வந்தது. ஐந்து மணி அடித்தது. அப்பா றிசீவரைத் தூக்குவதும் வைப்பதுமாக நின்றார். இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு விளிம்பு வந்தது. பிறகு இரண்டு பக்கமும் விரல்கள். நெஞ்சுக்கு முன்னால் ஒரு கடதாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கடதாசியில் தடித்த பேனையால், பெரிய எழுத்தில், தமிழில் எழுதியிருந்தது. ஒவ்வொரு வரியாக இறங்கியது.

ரைப் அடிக்கிறவருக்கு:

மெஷின் தானாக நிற்பது அநேகமாகச் சூட்டினால்.

மூடி வைக்காமல், காற்றுப் படுகிற இடத்தில் வைத்துப் பாருங்கோ.

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. ஒரு கிழமையாக நாங்கள் தேடிய மருந்து அந்தப் படத்தின் அடியிலேயே இருந்திருக்கிறது. அது வந்து சேரும் முன்னர் மெஷின் ஒவ்வொரு நாளும் மூச்சடைத்து நின்றிருக்கிறது. அதைவிட, அப்பாவின் தடித்த பைலில் எத்தனையோ வீட்டுக் கடிதங்கள் இருந்தன. எல்லாம் என்னைப் பற்றியவை, ஒன்றும் எனக்கு எழுதியதில்லை. எனக்கென்று ஒருவர் எழுதிய முதல் வரி இதுதான்.

அப்பா கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, கந்தோர்க் குரலில் அதை முழுவதும் உரத்து வாசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மெஷின் நிக்கிற விசயம் இவருக்கு எப்பிடித் தெரியும்?"

"போன கடிதத்தில அடியில ஒரு வரி நான் சேத்தனான் அப்பா."

"எனக்குச் சொல்லாமல்?"

"ஓம்."

அப்பா மறுபடியும் திரையைப் பார்த்தார். தன் பெயரில் போன கடிதத்தில் இன்னொருவர் வரி சேர்த்ததை அவர் முப்பது வருட உத்தியோகத்தில் ஒருநாளும் அனுமதித்தவரல்ல. நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன்.

அம்மாதான் முந்திக்கொண்டார். "பாண் போடுற பொடியனுக்குச் சூடு தெரியும்தானே," என்றார்.

அப்பாவின் வாய் ஓரம் அசைந்தது. நான் எழுந்து போன் வயரை மெஷினிலிருந்து கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன்.

"எடுங்கோ அப்பா."

"என்னெண்டு சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ."

அவர் கொட்டாஞ்சேனை இலக்கத்தை அமத்தத் தொடங்கும்போது ஐந்து மணி தாண்டி ஏழு நிமிடம். படம் திரையில் முழுசாக நின்றது. பெட்டி யன்னலோரம், முதலாளியின் கடிதத்தைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டே இருந்தது.